சுண்ணாம்பு அடிக்காத அங்கணம்

இந்தப் பதிவில் படம் எதுவும் இல்லை. எடுக்கவில்லை, காரணம் போகப்போகத் தெரியும். பிச்சாட்டூர் பக்கத்தில் ஒரு பழைய மாதா கோயில் இருந்தது. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை திருப்பதியிலிருந்து தனியாகப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். இணையத்தில் தேடினால் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு வழியும், அந்தக் கோயிலின் கதையும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். என் பெயரையும்தான். மற்றவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன் என்பது மட்டும் போதும். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) தூங்கிய பிறகு போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது இது. எங்காவது கோவையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு அதுதான் பிறந்த ஊர். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துபோனாள். அங்கேதான் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அப்போது எனக்கு அம்மை போட்டிருந்ததால் என்னை அழைத்துப் போகவில்லை. அம்மாவை வைத்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் திருப்பதிக்கு வந்துவிட்டோம். நைனா ஒரு லாட்ஜில் வேலை செய்கிறார். வந்த முதல் வாரமே, இனி கோயில் பக்கம் போகக் கூடாது, அம்மா மாதா கோயில்காரி என்று ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

எங்கள் எஸ்.சி. சான்றிதழில் இந்து என்று இருக்கிறது, கிறிஸ்தவர்களுக்கு அது கிடையாது. நைனா இந்துதான். ஆனால் எங்களைப் போன்றவர்கள் கிறிஸ்தவர்கள் என்று யாராவது எழுதிப்போட்டால் விசாரணைக்கு வருவார்கள். சான்றிதழ் போனால் ஸ்காலர்ஷிப் போகும், காலேஜ் சீட்டும் போகும். எங்கள் தெருவில் ஓர் அக்காவின் வீட்டுக்கு அப்படி விசாரணைக்கு வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக்கூடத் திருப்பிப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் என் கண் முதலில் எங்கள் வீட்டுக் காலண்டருக்குத்தான் போகும்.

செப்டம்பரில் நைனாவின் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மாவின் ஊரிலிருந்து ஜெபமாலை அக்கா, அம்மாவோடு சின்ன வயதிலிருந்து பழகியவர். நைனா குளித்துக்கொண்டிருந்தார், நான் கேட்டுவிட்டேன். "அண்ணா, கோயில இடிச்சிட்டு புதுசு கட்டறாங்க. புதுக் கோயில் அகலம் ஜாஸ்தி, தெக்குப் பக்கம் கீற கல்லறைங்க எல்லாம் உள்ள வந்துடும். இப்ப பேரு வெச்சி சிலுவை போட்டா தனித்தனியா மாத்தி வெப்பாங்களாம். மத்தவங்கள எல்லாம் ஒரே குழியில போட்டுடுவாங்க. அக்காவுக்கு சிலுவை வெக்கணும்னா சொல்லுங்க." அவ்வளவுதான். மறுநாள் பார்த்தபோது அந்த மெசேஜ் இல்லை. நைனா பதில் அனுப்பினாரா என்று தெரியவில்லை. அனுப்பியிருக்க மாட்டார் என்றே நினைத்தேன். அதனால்தான் போனேன்.

வழி சொல்கிறேன். திருப்பதி பெரிய பஸ் நிலையத்தில் புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர் வழியாகச் சத்தியவேடு போகும் பஸ்ஸில் ஏற வேண்டும். நான் ஏறியது காலை ஆறே முக்கால் பஸ். எங்கள் மாநிலத்தில் இப்போது பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் காசு வாங்குவதில்லை, ஆதார் காட்டினால் ஜீரோ டிக்கெட் கிழித்துத் தருவார்கள். அது இல்லையென்றால் நான் போயிருக்கவே முடியாது. ஆனால் ஆதாரைக் காட்டும்போது ஒரு வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். அதில் பெயர் இருக்கிறதே. கண்டக்டர் அக்கா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "ஒண்டரிகானா?" என்று கேட்டார், தனியாகவா என்று. சித்தி வீட்டுக்கு என்றேன். உடனே தமிழுக்கு மாறிவிட்டார். "திரும்பி வர பஸ்ஸு மூணரைக்கு. அத வுட்டா அஞ்சரை. வுட்டுட்டு ரோட்ல நின்னு அழுதுக்கினு இருக்காத."

புத்தூர் வரைக்கும் கூட்டம். நாராயணவனத்தில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள், ஜன்னல் ஓரம் கிடைத்தது. தெருவுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. முந்தின நாள் மழையில் ஆரணியாறு அணை நிரம்பியிருந்தது. பிச்சாட்டூரில் இறங்கும்போது மணி எட்டே முக்கால். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய், ஆறு கிலோமீட்டர். ஊர்ப் பெயர் தெரியாவிட்டாலும் 'அங்கணக் கோயில்' என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொண்டுபோய் விடுவார்கள்.

"சீக்கிரம் பாத்துட்டு வந்துடு பாப்பா," என்றார் ஆட்டோக்காரர். "இடிச்சிட்டு ஏசி கோயில் கட்டப் போறாங்க."

"ஏசியா?"

"ஃபேனுதான். பேச்சுக்குச் சொன்னேன். இப்ப அதுவும் இல்ல, பூசை முடியறதுக்குள்ள வேர்வையில நனைஞ்சி வந்துடுவாங்க."

கோயில் என்றதும் உயரமான கோபுரத்தை நினைக்காதீர்கள். நீளமாக, தாழ்வாக, நாட்டு ஓடு போட்ட கட்டடம். மணி வேப்பமரத்தில் தொங்கியது. முதல் பார்வைக்கு ஒரு பழைய பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. கிட்டே போனால்தான் அந்தச் சுவர் தெரியும். ஒரே சுவரில் பல வெள்ளைகள். ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரைக்கும் ஒரு வெள்ளை, அதற்கடுத்தது கொஞ்சம் மஞ்சள் ஓடிய வெள்ளை, அதற்கடுத்தது பளிச்சென்று ஈரம் காயாத வெள்ளை. இரண்டு தூணுக்கு நடுவில் இருக்கும் சுவருக்குத்தான் அங்கணம் என்று பெயர். திருப்பதியில் மனை விற்கிறவர்கள் இன்றும் அங்கணக் கணக்கில்தான் பேசுவார்கள்.

கோயிலின் கதையைப் பல பேர் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். எல்லோரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன். அந்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். குடியிருந்த குடிசைக்கடியில் இருந்த மண்கூட அவர்களுடையது இல்லை. மெட்ராஸ் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சாமியார் எப்போதாவது மாட்டு வண்டியில் வந்து ஓலைக் கொட்டகையில் பூசை வைப்பாராம். பிறகு அந்த இடத்தை வாங்கி, கூரைக்கும் பீடத்துக்கும் மட்டும் பணம் கொண்டுவந்தார். சுவர் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். ஒரு குடும்பத்துக்கு ஓர் அங்கணம். பகல் முழுக்கக் கூலி வேலை, பொழுது சாய்ந்த பிறகு ஏரி மண்ணில் செங்கல் அறுத்துச் சூளை போட்டுக் கட்டினார்கள். அந்த ஜனங்களுக்கு எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள முதன்முதலில் கிடைத்தது அந்தச் சுவர்தான்.

அதனால்தான் சுண்ணாம்பு அடிப்பதில் அவ்வளவு கண்டிப்பு. வருடா வருடம் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு முன்னால், அவரவர் அங்கணத்தை அவரவர்தான் அடிக்க வேண்டும். ஆள் வைத்து அடிக்கக் கூடாது. அந்தச் சுவருக்கு நேர் எதிரே, தெற்குப் பக்கம், அவரவர் வீட்டுச் சாவைப் புதைப்பார்கள். மண்மேடுதான், பெயர்ப்பலகை கிடையாது. உங்கள் அங்கணத்தில் முதுகைச் சாய்த்து நின்றால் எதிரே படுத்திருக்கிறவர்கள் எல்லாம் உங்கள் ஆட்கள். சாமியார்கள் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வர ஆரம்பித்துப் பூசை தெலுங்கில் ஆகிவிட்டது. ஜெபமாலைப் பிரார்த்தனை மட்டும் இன்னும் தமிழில். சுவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போய் இறங்கியபோது தெரிந்ததெல்லாம், அம்மா வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க ஊருக்குப் போவாள் என்பது மட்டும்தான். ஜனங்கள் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் நீ என்று கேட்டால் என்ன சொல்வது? பெயர் சொன்னால் அது எங்கே போய்ச் சேரும்? துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றித் தெற்குப் பக்கம் போனேன்.

அங்கே எல்லா அங்கணமும் வெள்ளை. ஒன்று மட்டும் கருத்துக் கிடந்தது. பாசி பிடித்து, மழைநீர் கோடு கோடாக வழிந்து, செங்கல் வெளியே தெரிந்தது. பல வருடமாக யாரும் தொடாத சுவர். அதுதான் அம்மா வீட்டுச் சுவர், நாங்கள் வராமல் விட்ட வருடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன என்று நினைத்தேன். எதிரே இருந்த மண்மேடுகள் அமுங்கிப்போய்ப் புல் முளைத்திருந்தன. அதில் எது அம்மா என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பக்கெட்டில் கரைத்த சுண்ணாம்பும் நார் மட்டையும் இருந்தன. யாருடையது என்றுகூடப் பார்க்காமல் எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். என் தலை உயரம் வரைக்கும் அடித்திருப்பேன்.

"ஏ பாப்பா! ஐயையோ, யாரு மே அது? அதுல எதுக்கு கைய வெச்ச?"

நான்கைந்து பெண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் டீ டம்ளர் அப்படியே இருந்தது. குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன், ஜெபமாலை அக்கா.  அவர் என் துப்பட்டாவை விலக்கினார்.

"நெத்தியப் பாருங்கடி. பிலோமினா பொண்ணு."

"பிலோமினா பொண்ணுன்னா அவங்க அங்கணத்த அடிக்கறதுதானே? இதுல வந்து இன்னாத்துக்கு அடிச்சிக்கினு கீது?"

"ஒரு வார்த்த கேட்டுக்கினு அடிக்கறதுக்கு வாயில்லையா?"

இன்னாசி மாமா என்று ஒருவர், சுண்ணாம்பு கரைக்கிறவர், சாவகாசமாகப் பின்னால் வந்தார். "காயறதுக்குள்ள ரெண்டு பக்கெட்டு தண்ணி ஊத்துனா போச்சு. இடிக்கப் போற செவுரு. அதுக்குப் போயி ஒப்பாரி வெச்சிக்கினு."

"இடிக்கப் போற செவுருதான். அப்பறம் நீ எதுக்கு காத்தாலயே வந்து உன் அங்கணத்த அடிச்ச?"

"என் பொண்டாட்டி சோறு போட மாட்டேன்னா, அடிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஜெபமாலை அக்கா என்னை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். கோயில் கட்டுவதற்கு முன்னால் ஒரு பெரிய பஞ்சம் வந்ததாம். கொட்டகையில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் நடந்து வந்தார்கள். வந்து சேர்ந்த இடத்திலேயே சிலர் செத்துப்போனார்கள். என்ன ஊர், என்ன பெயர், யாருக்கும் தெரியாது. ஊர் ஜனம் அவர்களைத் தெற்குப் பக்கம் புதைத்தது. பிறகு சுவர் கட்டியபோது, அவர்களுக்கு எதிரே வந்த அங்கணத்தை எந்தக் குடும்பமும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள். அதற்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லை. அடித்தவர் அவர்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். வருடா வருடம் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். கூலிக்காரக் குடும்பங்கள், தங்கள் சாவுக்கு ஏற்றவே முடியாதவர்கள், எப்படி அதை ஏற்பார்கள்? எல்லோரும் ஏற்றி மீந்த துண்டுகளை மட்டும் அங்கே வைத்துவிட்டுப் போவார்களாம்.

"ஒரே நாள்ல எத்தன பேருக்குச் சொந்தக்காரி ஆயிட்ட பாரு," என்று ஒரு பெண் என் தோளைத் தட்டினார்.

"எங்க அங்கணம் எது அக்கா?" என்று கேட்டேன்.

"பக்கத்துலதான். த்தோ, நீலம் தூக்கலா கீது பாரு, அது. உங்க நைனா போன ஞாயித்துக்கெழம வந்து அடிச்சிட்டுப் போனாரு."

எனக்குப் புரியவில்லை. "யாரு?"

"உங்க நைனாதான். வருசா வருசம் வந்துக்கினுதானே கீறாரு. உனுக்குத் தெரியாதா? நீலம் ஒரு சிட்டிக போதும்னு நானும் நாலு வருசமா சொல்லிக்கினு கீறேன். துணிக்குப் போடற மாதிரி கொட்டறாரு அந்த மனுசன்."

திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் அங்கணம் மற்ற எல்லாவற்றையும்விட நீலமாக இருந்தது. தூணோரங்களில் கோடு தவறாமல், மேலே ஓட்டுக்கடி வரைக்கும் அடித்திருந்தது. அதற்கு எதிரே, கடைசியாக ஒரு மேடு, புல் பிடுங்கிச் சுத்தமாக இருந்தது.

சிலுவையைப் பற்றிக் கேட்டேன்.  ஜெபமாலை அக்காதான் சொன்னார். "கேட்டோம் மே. வேணாம்னுட்டாரு. பேரு எழுதினா நாலு பேரு படிப்பாங்க, பொண்ணு படிக்கறா, அவளுக்கு எதுவும் வந்துடக் கூடாதுன்னாரு. குழியிலயே சேத்துடுங்கன்னு சொல்லிட்டு அந்தாண்ட போயி நின்னுக்கினாரு. சோறு துன்னக் கூப்ட்டோம், வரல."

அந்த நேரத்தில் பங்குச் சாமியார் அங்கே வந்தார். சின்ன வயது, தெலுங்குக்காரர். சிமென்ட் சிலுவை வார்க்கிற ஆளும் கூட வந்திருந்தார். விஷயம் தெரிந்ததும் சாமியார் கஷ்டப்பட்டுத் தமிழில் பேசினார். "நீங்க மகள். நீங்க சொன்னா போதும். பேரு சொல்லண்டி, இன்னிக்கே எழுதிடலாம்." சிலுவைக்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

அம்மாவின் பெயரைச் சொன்னால் போதும். அம்மாவுக்குத் தனியாக ஓர் இடம் இருக்கும். எப்போது போனாலும் கண்டுபிடிக்கலாம். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரு அக்காவின் வீடும், அந்தக் காலண்டரும் நினைவுக்கு வந்தன. நைனா அந்தாண்டை போய் நின்ற இடம் எதுவாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"வேண்டாம் ஃபாதர். நைனா சொன்னபடியே இருக்கட்டும்."

பெரிய காரணம் எதுவும் இல்லை. பயம்தான்.

சிலுவைக்காரர் பென்சிலை மறுபடி காதில் செருகிக்கொண்டார். இன்னாசி மாமா எங்கேயோ போய் ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்தார், நான் அடித்ததைக் கழுவிவிட. நான் வேண்டாம் என்றேன். அம்மாவும் இனி அவர்களோடுதானே இருக்கப் போகிறாள்.

ஜெபமாலை அக்கா சுண்ணாம்புப் பக்கெட்டை என் பக்கம் தள்ளினார். "அப்ப ஒழுங்கா அடி. பாதியில வுட்டா பாக்க அசிங்கமா கீது."

வேறு யாரும் மட்டையைத் தொடக் கூடாது என்பதால் எல்லோரும் சுற்றி நின்று வாயால் வேலை செய்தார்கள். அந்த மூலைய வுட்டுட்ட பாரு, மேல, இன்னும் மேல, பாசிய தேச்சிட்டு அடி. இன்னாசி மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டார். முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. புளிச்சோறு கொடுத்தார்கள். "வெக்கப்படாத, துன்னு. இனிமே உனுக்கு வேல ஜாஸ்தி," என்றார் ஜெபமாலை அக்கா. நவம்பர் இரண்டாம் தேதி நான்தான் ஏற்ற வேண்டும் என்றார். ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்றரை பஸ்ஸைப் பிடித்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி என்னால் போக முடியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்ல வழியில்லை. நைனா லாட்ஜில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்பினார். எங்கே போகிறார் என்று தெரியும், பின்னாலேயே போய் அவர் எதிரில் நிற்க முடியாது. இருட்டிய பிறகுதான் வந்தார். கறுப்பு அங்கணம் வெள்ளையாக நின்றதைப் பார்த்திருப்பார். யார் அடித்தது என்று கேட்டிருப்பார், அந்த ஊர்க்காரர்கள் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வீட்டில் அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. சாப்பிடும்போது ரசம் போதுமா என்று மட்டும் கேட்டார்.

பொங்கல் முடிந்து கோயிலை இடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி ஜெபமாலை அக்காவின் வாய்ஸ் மெசேஜில் வந்தது. இந்த முறை நைனா அதை அழிக்கவில்லை. போனைத் திண்டுமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பெயர் வைத்தவர்களைத் தனித்தனியாக மாற்றிவிட்டார்கள். பஞ்சத்தில் வந்தவர்களையும், கேட்க ஆளில்லாதவர்களையும், அம்மாவையும் ஒரே குழியில் வைத்து, பெயரில்லாத ஒரு சிலுவை நட்டிருக்கிறார்கள். குடும்பங்கள் தங்கள் அங்கணத்துச் செங்கல்லை வீட்டுக்கு எடுத்துப் போயின. எங்கள் இரண்டு அங்கணத்துச் செங்கல்லையும் ஜெபமாலை அக்கா அந்தக் குழியைச் சுற்றிப் பதித்துவிட்டாராம். ஒரு பக்கம் நீலம் ஒட்டியிருக்கிறது என்றார்.

ஆகவே நீங்கள் போகும்போது கோயில் இருக்காது. கம்பியும் ஜல்லியும் சிமென்ட் மூட்டைகளும் இருக்கும். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பக்கத்தில் ஷெட்டில் பூசை, தெலுங்கில். மழைக்காலத்தில் கடைசி அரைக் கிலோமீட்டர் சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் கடை இல்லை, தண்ணீரும் சாப்பாடும் பிச்சாட்டூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோ சாயங்காலம் ஐந்துக்கு மேல் கிடைப்பது கஷ்டம். ஜனங்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சிலருக்குப் படம் வெளியே போனால் கஷ்டம்.

நான் மறுபடி எப்போது போவேன் என்று தெரியவில்லை. பத்தாவது முடிய வேண்டும், பிறகு இன்டர் இரண்டு வருடம், பிறகு காலேஜ். அதுவரைக்கும் யாராவது போக வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன். பிச்சாட்டூர் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் மெழுகுவத்தி கிடைக்கும். ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்குப் பக்கம் செங்கல் பதித்த குழி, பெயரில்லாத சிலுவை. காற்று அதிகம், கையால் மறைத்து ஏற்றுங்கள். யாருக்கு ஏற்றுகிறீர்கள் என்று யாராவது வந்து நிச்சயம் கேட்பார்கள். எங்கள் வீட்டு ஆட்களுக்கு என்று சொல்லுங்கள். பெயர் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.